பெட்டி இல்லாமல் எடுக்கமாட்டம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. என் கணவரைக் கேட்டால், சனிக்கிழமை ஜீப் வந்த நேரத்தைச் சொல்வார். கனடாவிலிருக்கும் என் அண்ணையைக் கேட்டால், தான் படத்தைப் பார்த்த நேரத்தை, அதுவும் அங்கத்தைய நேரப்படி, சொல்வார். இரண்டும் தவறு. நாலேகாலுக்கு நான் சுன்னாகத்தில் ஒரு கடையின் மேசைக்கு முன்னால் நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கதைக்க விரும்பாததால் நான் அவருடைய தலைக்கு மேலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அவர் அந்தச் சாமானைத் திருப்பி எடுத்திருந்தால், பிறகு நடந்தவற்றில் ஒன்றும் நடந்திராது. இன்றைக்கும் கேற் திறபடும் சத்தம் கேட்டால் என் கையிலிருக்கும் வெண்கட்டியோ அகப்பையோ விழுந்துவிடுகிறது. அதற்கும் அவரைத்தான் பொறுப்பாக்குகிறேன்.

கடைப் பலகையில் பாடசாலைப் பைகள், அன்பளிப்புப் பொருட்கள், விளையாட்டுச் சாமான்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் யாரும் அதைத் தேடிப் போவதில்லை. துவக்குக் கடை என்றால் ஓட்டோக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய் இறக்குவார். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆணியடித்து விளையாட்டுத் துவக்குகள், பொம்மைத் துப்பாக்கிகள், தொங்கும். கீழே சின்னப் பிள்ளைகளுக்கான சிவப்பு, பச்சைப் பிளாஸ்ரிக். மேலே போகப் போக நிறம் கறுக்கும், பாரம் கூடும். ஆக மேலே இருப்பவை இரும்பு. அவையும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் மணியைத்தான் துப்பும். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. இந்த ஊரில், இத்தனையும் நடந்த பிறகு, அப்படியொரு சுவரை அடுக்கி வைத்து அதற்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடிக்க ஒரு மனிதருக்கு மனம் வருகிறதென்றால், அவரைப் பற்றி நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு ஆச்சரியமாக இராது.

ஆக மேல்வரிசையில் இருந்த ஒன்றைத்தான் என் மகன் வாங்கி வந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு பகிடி நாடகம் பழகுகிறார்கள். அதில் இவன் இன்ஸ்பெக்டர். மீசை சரியாக முளைக்காத இன்ஸ்பெக்டர். அந்தக் குறையை என் மைப்பென்சிலை எடுத்துச் சரிக்கட்டிவிட்டான். துவக்காவது அசலாகத் தெரிய வேண்டும் என்று நினைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அவனுடைய மேசையில் அதைக் கண்டேன். நான் படிப்பிக்கிறவள். அது விளையாட்டுச் சாமான் என்று மூளைக்கு உடனே விளங்கியது. ஆனாலும் முதலில் யன்னலைச் சாத்தினேன். எங்கள் வயதுக்காரர், அந்த உருவத்தை யாருடைய கையில் கண்டாலும், எந்தப் பக்கத்தாருடைய கையில் கண்டாலும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கப் பழகியவர்கள். என் மகன் அதை விரலில் மாட்டிச் சுழற்றினான்.

“அம்மா, சும்மா பொம்மை. பாருங்கோ, மணி.”

“பொம்மையெண்டு உனக்குத் தெரியும். ரோட்டிலை நிக்கிறவனுக்குத் தெரியுமே?”

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அதைப் பழைய துவாயில் சுற்றி, சந்தைப் பையின் அடியில் வைத்து, மேலே இரண்டு கட்டுக் கீரையைப் போட்டுக்கொண்டு சுன்னாகத்துக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி, “கீரை நல்ல பச்சையாக் கிடக்கு, எங்கை வேண்டினது?” என்று பையைத் தொட்டபோது எனக்கு வேர்த்தது.

கடைக்காரர் என் சேலையையும் குடையையும் பார்த்தே என் உத்தியோகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன ரீச்சர், வேறை நிறம் வேணுமே?”

“நிறம் வேண்டாம். மகன் தெரியாமல் வேண்டிக்கொண்டு வந்திட்டார். இதைத் திருப்பி எடுங்கோ. காசும் வேண்டாம்.”

காசு வேண்டாம் என்று சொன்னதால் சுலபமாக முடியும் என்று நினைத்தேன். அவருடைய முகம் மாறியது. காசைக் கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார். காசில்லாமல் திருப்பித் தருவது அவருக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது.

“காசும் வேண்டாமெண்டால் ஏன் தாறியள்? சாமானிலை பிழையெண்டெல்லோ சனம் நினைக்கும். பெட்டி எங்கை?”

“நீங்கள் பெட்டி குடுக்கேல்லையாமே?”

“ஓம், பெட்டி நாங்கள் குடுக்கிறேல்லை. கண்ணாடி அலுமாரியிலை அடுக்கி வைக்கிறது. வடிவுக்கு.”

“அப்ப பெட்டி உங்களிட்டைத்தானே கிடக்கு?”

“அதைத்தானே நானும் சொல்லுறன். உங்களிட்டை இல்லையெல்லோ. பெட்டி இல்லாமல் எடுக்கமாட்டம்.”

அந்தப் பெட்டி அவருடைய தோளுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் இருந்தது. அதில் அந்தத் துவக்கின் படம்கூட இருந்தது. நான் கையால் காட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபத்தில் ஒரு வார்த்தை விட்டேன். “பாக்கவே மட்டமான சாமானாக் கிடக்கு. உதுக்கு ஒரு பெட்டி வேறை.”

அதுவரை இருந்த இடத்தை விட்டு அசையாதவர் எழுந்தார். என் கையிலிருந்ததை வாங்கினார், மேசை இலாச்சியிலிருந்து மணியை எடுத்துப் போட்டார், எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து அமத்தினார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஓட்டை விழுந்தது. பள்ளிக்கூடப் பை பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்.

“மட்டமோ? சொல்லுங்கோ, மட்டமோ? இந்தக் கடையிலை வேண்டின ஒரு சாமான் இண்டுவரைக்கும் பழுதாகித் திரும்பி வரேல்லை.”

“எப்பிடி வரும்? நீங்கள்தான் எடுக்கமாட்டியளே.”

குந்தியிருந்தவர் எழும்பிச் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. துவக்கை மஞ்சள் துணியால் துடைத்து, ஒரு குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். “நல்லா வச்சுப் பாவியுங்கோ” என்றார். அப்போது நாலேகால்.

வழியில் எங்கேயாவது எறிந்திருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே எறிவது? சந்திக் குப்பையிலா? எறியும்போது காண்கிறவன் யார், எடுக்கிறவன் யார் என்று யோசித்தேன். யோசித்து யோசித்து அதை வீட்டுக்கே கொண்டு வந்து, என் அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். திறப்பை எங்கே வைப்பேன் என்று மகனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் வகுப்புக்குப் போன நேரத்தில் அவன் அதை எடுத்து, காக்கிச் சேர்ட் போட்டு, மீசை கீறி, வளவு மதிலோடு நின்று படம் எடுத்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். பகிடிக்குத்தான். மதியம் நான் வீட்டுக்குள் காலை வைக்கத் தொலைபேசி அடித்தது. அண்ணை. படம் கைமாறிக் கைமாறி அவருக்கும் போய்விட்டது. கனடாவில் அப்போது நடுச்சாமம். நித்திரை கொள்ளாமல் எங்கள் ஒழுங்கையைக் காவல் காக்கிறார்.

“தங்கச்சி, உன்ரை பெடியன் என்ன துவக்கோடை நிக்கிறான்?”

“அது விளையாட்டுச் சாமான் அண்ணை. நாடகத்துக்கு.”

“எனக்கு விளங்குது. இஞ்சை உள்ள ஆக்களுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துறது? நான் நாலு பேருக்குத்தான் அனுப்பினனான்.”

அந்த நாலு பேரும் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. படம் சமுத்திரம் தாண்டிப் போய், ‘கொக்குவிலில் ஆயுதத்துடன் இளைஞன்’ என்ற தலைப்போடு திரும்பி வந்தது. பின்னேரம் பொலிஸ் ஜீப் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது.

எங்கள் ஒழுங்கையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வேறு ஊர்களில் இப்படி ஒரு வாகனம் வந்தால் சனம் வெளியே வந்து பார்க்குமாம். இங்கே முகப்பு வீட்டிலிருந்து ஒவ்வொரு கேற்றாக உள்ளே கொழுவிக்கொண்டு வந்தார்கள். முன்வீட்டு அக்கா, காலையில்தான் என்னிடம் உறைமோர் வாங்கிப் போனவ, எங்களைப் பார்த்துக்கொண்டே தன் யன்னலைச் சாத்தினா. பிறகு கேட்டதற்கு, “நான் தோஞ்சுகொண்டு நிண்டனான் பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை” என்றா. தலை காய்ந்திருந்தது.

பொலிசார் மரியாதையாகத்தான் கேட்டார்கள். தொலைபேசியில் படத்தைக் காட்டி, இந்தத் துவக்கு எங்கே என்றார்கள். என் மகன் பயப்படாமல், “அது பொம்மை சேர். அம்மான்ரை அலுமாரியிலை திருப்பி வச்சிட்டன்” என்றான். நான் திறந்து கொடுத்தேன். கூறைச் சேலை இருந்தது. துவக்கு இல்லை. என் கணவர், “அப்பிடி ஒண்டும் இந்த வீட்டிலை இல்லை” என்றார், பழைய நாட்களில் சொல்லும் அதே குரலில். மகன் தகப்பனைப் பார்த்தான். ஒரு நிமிடத்தில் பிள்ளை பொய்யனாகிவிட்டான். பென்சில் மீசையோடு அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் போனபிறகுதான் என் கணவர் வாய் திறந்தார்.

“இஞ்சேரும், அது கிணத்துக்குள்ளை கிடக்கு.”

“ஆர் போட்டது?”

“ஜீப் சத்தம் கேட்டுது. எடுத்துக் கொண்டோடிப் போட்டிட்டன்.”

“அது விளையாட்டுச் சாமான் அப்பா! காட்டியிருந்தால் சிரிச்சுப்போட்டுப் போயிருப்பாங்கள்!”

“தெரியும். நான் போடேல்லை. கை போட்டிட்டுது.”

அவரைத் திட்டவேண்டிய அளவு திட்டிவிட்டேன். ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். அவருடைய தலைமுறையில் ஜீப் சத்தத்துக்குக் கிணற்றடிக்கு ஓடாத ஆண் இங்கே இல்லை. இயக்கப் பாட்டு நாடா, படம், பச்சைக் காற்சட்டை, எது என்றாலும் முதலில் தண்ணீருக்குள். இப்போது ஓடத் தேவையில்லை என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னோம். பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் மெதுவாக, ஆனால் தெளிவாகப் பேசுவார். எங்களைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை, களைப்பு வந்தது.

“முதல் இல்லை எண்டு சொன்னது. இப்ப கிணத்துக்குள்ளை எண்டு சொல்றது. பொம்மை எண்டால் ஏன் கிணத்துக்குள்ளை, அம்மா?”

நாளைக் காலை வந்து எடுப்போம் என்றார். இரும்பாக இருந்தால் தன்னால் பார்த்துச் சொல்ல முடியாது, கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து அறிக்கை வரும்வரை மகன் மறியல் சிறையில் இருக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்தார். “விற்ற ஆள் வந்து பொம்மை எண்டு சொல்லட்டும். பெட்டி காட்டட்டும். கோட்டுக்குக் கொண்டு போக முன்னம் நான் விடுறன்.”

மகனைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். மீசை வேர்வையில் கரைந்து வாயோரம் இறங்கியிருந்தது. “அழியுங்கோ அம்மா” என்று முகத்தை நீட்டினான். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். மறியலில் இவனை யாரோடு அடைப்பார்கள் என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

அங்கிருந்து நேரே சுன்னாகம். கடை திறந்துதான் இருந்தது. சுவரில் ஒரு துவக்கும் இல்லை. படம் கடைக்காரருக்கும் வந்திருக்க வேண்டும். ஆணிகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் வெயில் படாத சுவர், துவக்கின் வடிவத்திலேயே, வெள்ளையாக இருந்தது. மறைத்து வைத்த எல்லாவற்றுக்கும் அந்தச் சுவரே சாட்சி. கண்ணாடி அலுமாரியில் பெட்டிகள் இருந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தல்கள். மேசைக்குப் பின்னால் அவர், தேத்தண்ணியோடு.

“வாங்கோ அக்கா, என்ன வேணும்? குடையே?”

நேற்று ரீச்சர். இன்றைக்கு அக்கா.

“நேற்று வந்தனான். துவக்கைத் திருப்பித் தர.”

“துவக்கோ? நாங்கள் உந்தச் சாமானெல்லாம் விக்கிறேல்லை. பாருங்கோவன், சுவர்.”

“என்ரை பிள்ளையை உள்ளுக்கு வச்சிருக்கினம். நீங்கள் வந்து பொம்மையெண்டு ஒரு சொல்லு சொன்னால் போதும். உங்களிலை ஒரு பிழையும் சொல்லமாட்டன்.”

“கடைக்கு ஆயிரம் பேர் வருவினம். எனக்கு உங்களை நினைவில்லை.”

கலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்து ஓட்டையை மறைத்து ஒரு சாமிப்படம் ஒட்டியிருந்தது. சாமியையும் இதற்குள் இழுத்துவிட்டார். அவர் மேசையில் ஒரு குடையை விரித்து, “இது காத்துக்கு மடங்காது” என்று எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். அழுதுகொண்டு நிற்கிற மனுசிக்கு. அழுவதை நிறுத்தியது அந்தக் குடைதான். இப்படிப்பட்ட ஒரு ஆளின் முன்னால் கண்ணீர் விடுவது கண்ணீருக்கு மரியாதையில்லை.

பொறுப்பதிகாரி பொழுதுபட ஒரு பொலிஸ்காரரைக் கடைக்கு அனுப்பினார். அவர் பார்த்தது பள்ளிக்கூடப் பைகளை.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஜீப் வந்தது. மகனையும் கொண்டுவந்து ஜீப்புக்குள்ளேயே இருத்தியிருந்தார்கள். இந்த முறை ஒழுங்கை சாத்திக்கொள்ளவில்லை. ஆபத்து எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் உறுதியானபிறகு, எல்லோரும் வந்தார்கள். முன்வீட்டு அக்கா தன் பாதாளக்கரண்டியைத் தானாகவே கொண்டுவந்து தந்தா. கிணற்றில் வாளி விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்கும் கொழுக்கி அது. ஒழுங்கைக்கு ஒன்றுதான் இருக்கிறது. தெரியாத முகங்களும் நிறைய. தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மதிலில் ஏறியிருந்தார்கள்.

என் கணவர் கரண்டியை இறக்கித் துழாவினார். முதலில் வந்தது போன வருடம் விழுந்த வாளி. சனம் கைதட்டியது.

“மெல்ல இழுங்கோ அண்ணை!” என்று மதிலில் இருந்து ஒருவர் கத்தினார். “இன்னும் ஆழமாய்ப் போட்டால் பழைய சாமானெல்லாம் வரப்போகுது!”

பொறுப்பதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. இரண்டாவது தடவை ஒரு செருப்பு. மூன்றாவது தடவை, கொழுக்கியில் தொங்கியபடி, அது. தண்ணீர் ஒழுக வெயிலுக்கு வந்தபோது முன்னைவிட அசலாக இருந்தது. பிடியின் ஒரு பக்கத் தகடு கழன்று ஆடியது. பொறுப்பதிகாரி சட்டைப்பை லேஞ்சியால் பிடித்துக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

“பாரமா இருக்கு அம்மா” என்றார் கவலையோடு. “இதை நான் பொம்மை எண்டு எழுத முடியாது.”

ஒரு பொலிஸ்காரர் உறையைத் திறந்து பிடித்தார். அதற்குள் அது போனால் கொழும்புக்கு. மகன் ஜீப் கம்பிக்குள்ளால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான், சனத்துக்குப் பின்னால், தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவர் நிற்பதைக் கண்டேன். என் முகத்தைப் பார்க்காமல் நின்ற விதத்தில் அவரை அடையாளம் கண்டேன். தன் பெயர் வருகிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். இவர்தான் விற்றவர் என்று காட்டக் கை பாதி எழும்பியது. காட்டினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நேற்றுச் சொன்னதையே இத்தனை சனத்துக்கு முன்னால் சொல்வார், அதோடு முடிந்தது. பிள்ளையைப் பற்றிச் சொல்லி அவரை அசைக்க முடியாது. அவரை அசைத்த ஒரே வார்த்தை வெள்ளிக்கிழமை என் வாயிலிருந்து தவறி வந்தது.

முன்வீட்டு அக்காவின் பக்கம் திரும்பி, வகுப்பின் கடைசி வாங்குக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்.

“பாருங்கோ அக்கா, ஒரு ராத்திரி தண்ணியிலை கிடந்ததுக்குக் கழண்டு போச்சு. சுன்னாகத்திலை உந்தத் துவக்குக் கடையிலை விக்கிறதெல்லாம் குப்பை. ஒட்டுப் பிடி. கிலுகிலுப்பை இதைவிடத் திறம்.”

அந்த மனுசிக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது. ஆனால் குறை சொல்லக் கிடைத்தால் விடமாட்டா. “ஓம் பிள்ளை, அங்கை வேண்டின குடை முதல் மழைக்கே மறுபக்கமாப் போச்சு.”

“என்ரை பெட்டைக்கு வேண்டின பை தோளிலை கொழுவ முதலே அறுந்தது” என்று மதிலில் இருந்தவர் சொன்னார். “குப்பையெண்டாலும் மாட்டுக் குப்பைக்கு ஒரு பயன் இருக்கு!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைக்கவசம் அசைந்தது. கழன்றது. ஆட்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, பொறுப்பதிகாரியையும் தாண்டி, கிணற்றுக்கட்டு வரைக்கும் வந்து நின்றார். முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

“ஆர் சொன்னது குப்பையெண்டு? ரீச்சரின்ரை கண்ணுக்கு முன்னாலை சுட்டுக் காட்டித்தானே குடுத்தனான், கலண்டரிலை இன்னும் ஓட்டை கிடக்கு! விளையாட்டுச் சாமானைக் கிணத்துக்குள்ளை தூக்கிப் போட்டால் பிடி கழலாமல் என்ன செய்யும்? தண்ணி படக்கூடாதெண்டு பெட்டியிலை வடிவா எழுதியிருக்கு. பெட்டி என்னட்டைத்தான் கிடக்கு. இப்ப கொண்டந்து காட்டட்டே?”